வயசும் பரம்பரைச் சொத்தா?

அமெரிக்காவில் அப்பாவின் பழைய கிரெடிட் கார்டில் பிள்ளையின் பெயரைச் சேர்த்தால், பெரும்பாலும் அந்தக் கணக்கின் வயசு முழுக்கப் பிள்ளையின் கடன் அறிக்கையிலும் ஏறிவிடும். பிள்ளை ஒரு சதம் கட்டியிருக்கத் தேவையில்லை. ஃபைக்கோ மதிப்பெண்ணில் 15 வீதம் இந்தக் கடன் வரலாற்றின் நீளத்துக்குத்தான். இதுக்குப் பேர் நம்பகமாம்! நாங்க சொல்றோம், இது பரம்பரைச் சொத்து.

இங்கேயும் வங்கியில் கடன் கேட்டால் கிரிப் அறிக்கையைப் பார்க்கிறாங்க. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த அந்தப் பணியகத்துக்குத் தகவல் கொடுப்பது வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான். மாத்தளைத் தோட்டத்தில் எங்க அம்மாமார் இருபது வருசமா தவறாமல் கட்டும் சீட்டும், சம்பள நாளில் தீர்க்கும் கடைக் கொப்பிக் கடனும் அதில் ஏறாது. கார்டு இல்லாத அம்மாவின் பிள்ளைக்கு எந்த வயசு வரும்? அந்தக் கொப்பிகளையும் சாட்சியா எடுங்க. பிறகு பேசுவோம், யார் நம்பகமானவங்க என்று.