கணக்குப் புத்தகத்தைக் கோர்ட்டில் வை!

கரும்பு பயிரிடும் ஒரு சிறு விவசாயி ஆலையோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உரிய காலத்தில் வெட்டு உத்தரவு தருவோம் என்பது ஆலையின் வாக்கு. உத்தரவு வரவில்லை. கரும்பு காய்கிறது, எடை குறைகிறது. வெட்டுக்கூலியை நம்பியிருந்த விவசாயத் தொழிலாளி வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஒப்பந்தத்தை மீறியதற்கு நஷ்ட ஈடு கேட்டு விவசாயி முன்சீப் கோர்ட்டுக்குப் போகிறார். நிர்வாகம் என்ன சொல்கிறது? “உத்தரவு கொடுத்தோம், அவர்தான் கரும்பைக் கொண்டுவரவில்லை. இல்லையென்றால் நிரூபிக்கட்டும்!”

எதைக் கொண்டு நிரூபிப்பது? வெட்டு உத்தரவுப் பதிவேடு ஆலையின் பீரோவில். அரவைக் கணக்கும் அங்கேதான். எடைமேடைக் கணக்கும் அங்கேதான். சாவியைத் தன் மடியில் முடிந்துகொண்டு, “பெட்டிக்குள் இருப்பதை நீ சொல்” என்று கேட்பது நியாயமா?

சட்டத்தில் வழியே இல்லை என்று எண்ணி யாரும் சோர்ந்துவிட வேண்டாம். 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம், 11-ஆவது கட்டளையில் வழி இருக்கிறது. எதிரியின் கைவசமுள்ள, வழக்கு சம்பந்தமான தஸ்தாவேஜுகளைப் பிரமாண வாக்குமூலத்தில் பட்டியல் போட்டுச் சொல்லும்படி கோர்ட்டைக் கேட்கலாம். அவற்றைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தும்படியும், நமக்குப் பார்வையிடக் காட்டும்படியும் கேட்கலாம். வெளியிடவோ காட்டவோ உத்தரவிட்டும் பிரதிவாதி மறுத்தால், அவருடைய எதிர்வாதத்தையே கோர்ட் நீக்கிவிடலாம். கையில் உள்ளதை ஒருவர் மறைத்தால், அது அவருக்குப் பாதகமானது என்று ஊகிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. 1872 சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2023-ல் இயற்றிய புதிய சட்டத்திலும் 119-ஆவது பிரிவாக இருக்கிறது.

“நிரூபிக்கும் பொறுப்பு என்னுடையதல்ல” என்று முக்கியமான தஸ்தாவேஜுகளைப் பூட்டிவைத்துக்கொண்டு சும்மா இருப்பதை, 1917-லேயே, சென்னை மாகாணத்திலிருந்து போன ஒரு மடத்து வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் கண்டித்தது. 1968-ல் நமது சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதிசெய்தது.

அப்படியானால் குறை எங்கே? சாதாரண சிவில் வழக்கில் ஒவ்வொரு கட்சியும் தனக்குச் சாதகமான தஸ்தாவேஜை வைத்தால் போதும். பாதகமானதை எதிரி மனுப் போட்டு, வாய்தாவுக்கு வாய்தா அலைந்து, வாதாடித்தான் வெளியே இழுக்க வேண்டும். ஆனால் 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்தைப் பாருங்கள். அதன்படி நடக்கும் வழக்குகளில் சாதகமோ பாதகமோ, கைவசமுள்ள சம்பந்தப்பட்ட தஸ்தாவேஜுகள் எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே வைத்தாக வேண்டும். ஆனால் 3 லட்ச ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்குகளுக்குத்தான் இந்த விதி. லட்சாதிபதிகள் மோதிக்கொண்டால் கணக்கு தானாக மேஜைக்கு வருகிறது. ஐம்பதினாயிரத்துக்கு வழக்காடும் ஏழை கேட்டால் கதவைத் தட்டிக்கொண்டே நிற்க வேண்டும்! இதுதான் சட்டத்தின் முன் சமத்துவமா?

நாம் கேட்பது இதுதான்: அந்த விதியை எல்லா ஒப்பந்த வழக்குகளுக்கும் விரிவாக்க வேண்டும். கணக்கு வைத்திருப்பவனே கணக்குக் காட்ட வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? கூடாது. “எல்லாக் கணக்கையும் கொண்டுவா” என்று பொத்தாம்பொதுவாக மனுப் போட்டால் கோர்ட் தள்ளிவிடும். எந்தப் பதிவேடு, எந்த மாதம், எதை நிரூபிக்க என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் யார்? எடைமேடையில் நிற்கும் தொழிலாளி. வண்டி ஓட்டும் தோழர். வயலில் வெட்டும் தோழர். எந்தக் கணக்கு எங்கே எழுதப்படுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். விவசாயியும் தொழிலாளியும் ஒன்றுபட்டால் பூட்டிய பீரோவும் திறக்கும்!

மில் தோழர்களுக்கும் இது அன்னியமல்ல. தஸ்தாவேஜுகளை வரவழைப்பதில் சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரத்தை 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் டிரிபியூனல்களுக்கும் அளித்தது.

எடைச் சீட்டு, முன்பணச் சீட்டு, ஒப்பந்தப் பிரதி எதையும் எறியாதீர்கள். கையெழுத்துப் போட்டால் பிரதி கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தை மீறிய மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்; தாமதிக்காதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைத் தொழிலாளருக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள். சங்கத்துக்கு வாருங்கள். ஒளித்துவைத்த கணக்கை ஒன்றுபட்டு வெளியே கொண்டுவருவோம்!