ஓராண்டுத் தாமதத்தின் விலை

அமெரிக்காவில் 1,500 மணி நேரம் பறந்த இளம் விமானி பெரும்பாலும் வட்டார விமான நிறுவனத்தில்தான் பணியைத் தொடங்குகிறார். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்களான என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ ஆகியவற்றில், பணிமூப்பு வரிசைப்படி தாய் நிறுவனத்துக்கு மாற ஒப்பந்த வழி உண்டு. ஆனால், தாய் நிறுவனம் ஆளெடுப்பைக் குறைத்தால் வரிசை நகராது. மாறிய பின்னரும் புதிய பட்டியலில் கடைசி இடமே. எந்த விமானம், எந்த நகரம், எப்போது விடுப்பு, ஆட்குறைப்பில் யார் முதலில் வெளியேறுவது என அனைத்தையும் அப்பட்டியலே தீர்மானிக்கிறது. ஓய்வு வயதோ 65.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் காணும் கணக்கு எளியது. மாற்றம் ஓராண்டு தள்ளிப்போனால், பணிக்காலத்தின் முடிவில் உச்ச ஊதியம் பெறும் ஆண்டுகளில் ஒன்று குறைகிறது. சேர்க்கை ஊக்கத்தொகை அதை ஈடுசெய்வது அரிது. ஆகவே, கையெழுத்திடுமுன் இளைஞர் கேட்க வேண்டிய முதற்கேள்வி: சென்ற ஆண்டு எத்தனை பேர் மாறினர்?