ஓய்வூதியம் மாநிலத்தின் உரிமை! பூட்டு மட்டும் தில்லியின் கையிலா?

முதுமைக்கு மாநில எல்லை உண்டா? உண்டு என்கிறது ஆட்சி! பசிக்குப் பணியில் சேர்ந்த தேதி தெரியுமா? தெரிந்தாக வேண்டும் என்கிறது ஆணை!

காவிரியின் தென்புறத்திலே பொன்மலை. அங்கே இரயில் எஞ்சின்களைச் செப்பனிடும் தொழிலாளி நடுவணரசின் ஊழியர். ஆற்றைக் கடந்தால் திருவரங்கம். அங்கே அரசுப் பள்ளியில் எழுத்தறிவிக்கும் ஆசிரியர் மாநில அரசின் ஊழியர். முன்னவருக்கு 2004 சனவரி 1, பின்னவருக்கு 2003 ஏப்ரல் 1 எல்லைக்கோடு. முதல் நாள் வரை சேர்ந்தவருக்கு உறுதியான ஓய்வூதியம். மறுநாள் சேர்ந்தவருக்குப் பங்களிப்புத் திட்டம். ஓர் இரவின் இடைவெளி ஓர் ஆயுளின் இடைவெளியாயிற்று! மேற்கு வங்க அரசோ அந்தப் புதிய திட்டத்தில் சேர மறுத்தது.

அரங்கன் ஆண்டாண்டாய்ப் படுத்தே இருக்கிறான், படித்தரத்துக்குக் குறைவில்லை. முப்பதாண்டு நின்று உழைத்தவன் ஒருநாள் அமர்ந்தால் மட்டும், “கருவூலம் தாங்காது” என்று கணக்கேட்டைத் திறக்கிறார்கள்!

ஓய்வூதியம் கருணைக் கொடையன்று, உழைத்ததற்கான உரிமை என்று 1982இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில ஓய்வூதியம் மாநிலத்தின் அதிகாரம் என்று அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியல் 42ஆம் இனம் கூறுகிறது. ஏட்டிலே உரிமை, நாட்டிலே? இராசஸ்தானும் சத்தீஸ்கரும் சார்க்கண்டும் 2022இல் பழைய திட்டத்துக்குத் திரும்ப முடிவெடுத்தன. “சேர்ந்த பணத்தைத் திருப்பித் தர 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை” என்று கைவிரித்தது தில்லி. மாநிலங்களின் பணம், பூட்டு தில்லியுடையது!

பங்களிப்புப் பணத்தைத் தில்லியின் ஆணையத்திடம் ஒப்படைக்காத தமிழ்நாடு, கடைசி ஊதியத்தில் பாதியை உறுதிசெய்யும் திட்டத்தை 2026 சனவரியில் அறிவித்தது. பாதி ஊதியம் என்றால் பாழாகும் நாடு என்றவர்கள், 2024 ஆகஸ்டு 24 அன்று தங்கள் ஊழியருக்கு அதே பாதியை ஏற்றார்களே! எங்கே போயிற்று அந்தப் பொருளாதாரம்?

வரியையும் பாருங்கள், தோழர்களே! அமெரிக்காவில் ஓய்வூதியத்துக்கு இல்லினாய் மாநிலம் வருமான வரி விதிப்பதில்லை, கலிபோர்னியா விதிக்கிறது. இரண்டும் அந்தந்த மாநில மக்களின் முடிவு. இங்கோ, ஓய்வூதியம் வழங்குவது மாநிலக் கருவூலம். அதன்மீது வருமான வரி விதிக்கும் அதிகாரம் நடுவணரசுக்கு மட்டும்! அதிலே விதிக்கும் கூடுதல் வரியும் மேல்வரியும் மாநிலங்களுடன் பகிரப்படுவதுமில்லை.

“மாநிலத்துக்கொரு நீதியா?” என்று கேட்பார்கள். நாம் கேட்பது வேறுபாட்டையன்று, வேரூன்றிய நீதியை! எவரும் வீழாதபடி நாடெங்கும் ஓர் அடித்தளம் வேண்டும். அதற்குமேல் உயர்த்திக் கட்ட மாநிலத்துக்கு உரிமை வேண்டும். ஒற்றுமை பேசுவோர் அமைத்த அடித்தளம் எது? 2014இல் தனியார் தொழிலாளிக்கு அவர்கள் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். 2025இல் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு உயர்த்திக்கொண்டதோ 31,000 ரூபாய்! துவாக்குடித் தொழிலாளியின் வயிறு முப்பத்தொன்றில் ஒரு பங்கா?

உறையூர்த் தெருக்களிலும் பாலக்கரை முனைகளிலும் இந்தக் கணக்கை உரக்கச் சொல்லுங்கள். முதியவரின் கை பிச்சைக்கு நீள்வதற்கன்று, உரிமைக்கு உயர்வதற்கே!