கோல் கணக்கு மட்டும் போதுமா? அரியலூர் கார்த்தியை எடை போடுவது எப்படி?

காரைக்கால்:

"பார்வர்டுன்னா கோல் அடிக்கணும். அடிக்கலேன்னா எதுக்கு டீம்ல?"

ஆக்கி ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்த கேள்வி வராமல் இருக்காது. சாயந்திரம் மட்டையை தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு போகும் காரைக்கால் பையன்களும் இதை கேட்டுத்தான் வளர்கிறார்கள். ரெண்டு போட்டியில் கோல் விழவில்லை என்றால், "இவன் தேற மாட்டான்" என்று தீர்ப்பு எழுதி விடுகிறார்கள். வீட்டிலும், "வெயில்ல ஓடுனது போதும், படிப்பை பாரு" என்று சொல்லி விடுகிறார்கள்.

இந்த தீர்ப்பு சரியா? பதிலுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். கும்பகோணம் வழியாக பஸ் பிடித்து கொள்ளிடத்தை தாண்டினால் அரியலூர் மாவட்டம். அந்த ஊரில் இருந்து இந்திய அணிக்கு போன முன்கள வீரர் செல்வம் கார்த்தியின் ஆட்டக்கணக்கை புரட்டினாலே பாதி பதில் கிடைத்து விடும்.

பாகிஸ்தானுக்கு எதிராக முதல் கோல்

எளிய குடும்பத்தில் பிறந்த கார்த்தி, கோவில்பட்டியில் உள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஆக்கி மையத்தில் பயிற்சி பெற்றவர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய கோப்பையில் இந்தியாவுக்காக களம் இறங்கினார். அதே அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் இருந்தார். தமிழ்நாட்டு வீரர்கள் இந்திய சீனியர் அணியில் இடம்பிடித்து பல வருடம் ஆகியிருந்த நேரம் அது.

முதல் ஆட்டமே பாகிஸ்தானுடன். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பெனால்டி கார்னர் வாய்ப்பில் கோல் போட்டார் கார்த்தி. கடைசி நேரத்தில் பாகிஸ்தான் கோல் திருப்பியதால் ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது. ஆனாலும் அரியலூர் பையனின் பெயர் நாடு முழுக்க தெரிந்து விட்டது. அந்த தொடரில் இந்தியாவுக்கு வெண்கல பதக்கம் கிடைத்தது.

அதே ஆண்டு நவம்பரில் புவனேசுவரத்தில் நடந்த புரோ லீக் ஆட்டத்தில் நியூசிலாந்தை இந்தியா 7-4 என்று சாய்த்தது. அதில் கார்த்திக்கு 2 கோல். 2023 மார்ச்சில் ரூர்கேலாவில் ஆஸ்திரேலியாவை 5-4 என்று வீழ்த்திய ஆட்டத்தில் ஒரு கோல். மறுநாள் ஜெர்மனியை 6-3 என்று தோற்கடித்த ஆட்டத்தில் 2 கோல். அந்த ஜெர்மனி, அதே ஆண்டு ஜனவரியில் உலக கோப்பையை வென்ற அணி என்பது குறிப்பிடத்தக்கது.

2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. மலேசியாவை 5-0 என்று இந்தியா நொறுக்கிய ஆட்டத்தில், சொந்த மாநில ரசிகர்கள் முன்னிலையில் முதல் கோலை அடித்தவர் கார்த்திதான்.

பிறகு என்ன ஆச்சு?

இங்கேதான் சறுக்கல். சென்னை தொடர் முடிந்த அடுத்த மாதமே சீனாவின் ஹாங்சோவ் நகரில் ஆசிய விளையாட்டு போட்டி. இந்தியா தங்கம் வென்றது. அணியில் கார்த்தி இல்லை. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வெண்கலம் வென்றது. அதிலும் இல்லை. 2025-ல் பீகார் மாநிலம் ராஜ்கிரில் நடந்த ஆசிய கோப்பைக்கு மாற்று வீரராக மட்டுமே பெயர் வந்தது. இந்தியா கோப்பையை தூக்கியபோது அரியலூர்க்காரர் ஆடும் அணியில் இல்லை.

"ஆரம்பத்துல நல்லா வந்தான், அப்புறம் கோல் வரலை" என்று ரசிகர்கள் கையை விரித்தது இந்த காலத்தில்தான். ஆனால் கோல் வறட்சி கார்த்திக்கு மட்டும்தானா? பாரீஸ் ஒலிம்பிக் கணக்கை பார்த்தால் வேறு ஒரு உண்மை தெரிகிறது.

15-ல் நாலு!

பாரீசில் இந்தியா ஆடியது 8 ஆட்டம். அடித்தது மொத்தம் 15 கோல். அதில் 10 கோல் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் அடித்தது. அவர் முன்கள வீரர் இல்லை, தடுப்பாட்டக்காரர். பெனால்டி கார்னர், பெனால்டி ஸ்டிரோக் வாய்ப்புகளில் அடித்த கோல்கள் அவை. இன்னொரு கோல் நடுகள வீரர் விவேக் சாகருக்கு.

மீதி நாலு கோல்தான் முன்கள வீரர்களின் பங்கு. அபிஷேக் 2, மன்தீப் சிங் 1, சுக்ஜீத் சிங் 1. லலித் உபாத்யாய், குர்ஜந்த் சிங் இருவருக்கும் ஒரு கோல் கூட இல்லை. ஆக, அஞ்சு முன்கள வீரர்கள், எட்டு ஆட்டம், நாலு கோல். ஆனாலும் பதக்கம் வந்தது. கோல் அடிக்காத அந்த ரெண்டு பேர் கழுத்திலும் வெண்கலம் ஏறியது.

இது எப்படி என்று கேட்கலாம். ஆக்கியில் எதிரணி கோலுக்கு முன்னால் உள்ள 14.63 மீட்டர் வட்டத்துக்குள் இருந்து அடித்தால்தான் கோல். அந்த வட்டத்துக்குள் பந்தோடு புகுந்து, எதிரணி வீரரின் காலில் பந்தை பட வைத்தால் பெனால்டி கார்னர் கிடைக்கும். அதை ஹர்மன்பிரீத் கோலாக்கினால் கணக்கு அவர் பெயரில் ஏறும். உயிரை கொடுத்து உள்ளே ஓடிய முன்கள வீரரின் பெயர் ஸ்கோர் பலகையில் வராது.

இன்னொரு விஷயம், ஆடும் நேரம். ஒரு ஆட்டம் 15 நிமிடம் வீதம் நாலு பகுதி. எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். அதனால் முன்கள வீரர் சில நிமிடம் மூச்சிறைக்க ஓடி விட்டு வெளியே வந்து விடுவார். அந்த சில நிமிடத்தில் பந்து அவரிடம் வராமலே கூட போகலாம். 2023-ல் பொறுப்பேற்ற தலைமை பயிற்சியாளர் கிரேக் புல்டன் முதலில் தடுப்பு, பிறகு தாக்குதல் என்ற பாணிக்காரர். இந்த பாணியில் எதிரணி பந்தை வெளியே எடுத்து வர விடாமல் மடக்குவது முன்கள வீரரின் முதல் வேலையாகி விடுகிறது.

தன்ராஜ் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். புனே அருகே தமிழ் பெற்றோருக்கு பிறந்து, 4 ஒலிம்பிக் ஆடியவர். அவர் மொத்தம் எத்தனை கோல் அடித்தார் என்பதற்கு அதிகாரப்பூர்வ கணக்கே கிடையாது. அதற்காக அவரை யாரும் குறைத்து பேசியதில்லை.

இபோவில் மீண்டும் எழுச்சி

கார்த்தி கதை ராஜ்கிரோடு முடியவில்லை. 2025 நவம்பரில் மலேசியாவின் இபோ நகரில் சுல்தான் அஸ்லான் ஷா கோப்பை போட்டி. ஹர்மன்பிரீத் இல்லாமல், சஞ்சய் தலைமையில் போன இந்திய அணியில் கார்த்திக்கு இடம் கிடைத்தது. மலேசியாவை 4-3 என்று வென்ற ஆட்டத்தில் 7-வது நிமிடத்தில் கோல். நியூசிலாந்துடன் 2-2 என்று இழுபறியாக இருந்தபோது 54-வது நிமிடத்தில் வெற்றி கோல். கனடாவை 14-3 என்று துவைத்த ஆட்டத்தில் இன்னொரு கோல்.

இதையும் நேர்மையாக எடை போட வேண்டும். 14 கோல் விழுந்த ஆட்டத்தில் அடித்த ஒரு கோலை பெரிதாக பேச முடியாது. இறுதி ஆட்டத்தில் பெல்ஜியத்திடம் இந்தியா 0-1 என்று தோற்றது. கோல் தேவைப்பட்ட அந்த நேரத்தில் கார்த்தி உள்பட யாருடைய மட்டையில் இருந்தும் கோல் வரவில்லை. பெரிய அணிக்கு எதிராக, பெரிய ஆட்டத்தில் அடிக்கும் நிலைக்கு இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது.

ஆனால் நியூசிலாந்துக்கு எதிரான கோலின் மதிப்பு தனி. ஆறு நிமிடமே மிச்சம் இருக்கும்போது கை நடுங்காமல் முடித்த வேலை அது. பெரிய தொடர்களில் இரண்டு வருடத்துக்கு மேல் உட்கார வைக்கப்பட்ட ஒருவர், தொடர்ந்து ஆட வாய்ப்பு கிடைத்த ஒரே வாரத்தில் மூணு கோல் அடித்தார் என்றால் திறமை எங்கேயும் போய் விடவில்லை என்றுதான் அர்த்தம். 2023 மார்ச்சிலும் இதே கதைதான். அடுத்தடுத்து ஆட விட்டார்கள், ரெண்டே நாளில் மூணு கோல் வந்தது.

காரைக்கால் பையனுக்கு என்ன பாடம்?

அரியலூர் பையனுக்கு கோவில்பட்டி மையம் இருந்தது. காரைக்கால் பையனின் நிலைமை வேறு. சுற்றிலும் தமிழ்நாடுதான் என்றாலும், மாநில அணி என்று வரும்போது அவன் புதுச்சேரி வாசலைத்தான் தட்ட வேண்டும். தேசிய போட்டிகளில் 'லே புதுச்சேரி ஆக்கி' என்ற பெயரில் ஆடும் அணி அது. ஊருக்கு வெளியே போய் தேர்வில் நிற்கும்போது அவனுக்கு கிடைப்பது ஒன்றிரண்டு ஆட்டம்தான். அதில் கோல் விழவில்லை என்று அவனை திருப்பி அனுப்பினால், ஒரு கார்த்தி பாதி வழியிலேயே தொலைந்து போவான்.

ஆகவே பயிற்சியாளர்களும் பெற்றோரும் கோல் எண்ணிக்கையோடு இன்னும் நாலு விஷயத்தை பார்க்கலாம். பையன் வட்டத்துக்குள் எத்தனை தடவை பந்தோடு போனான்? எத்தனை பெனால்டி கார்னர் வாங்கி கொடுத்தான்? பந்தை இழந்தால் திரும்ப ஓடி வந்து பிடுங்கினானா, இல்லை இடுப்பில் கை வைத்து நின்னானா? போன மாசம் தவற விட்ட வாய்ப்பை இந்த மாசம் முடித்தானா? ஒரு நோட்டு, ஒரு பேனா இருந்தால் போதும். இதை எழுதி வைக்க பெரிய செலவு எதுவும் கிடையாது.

மூணு மாசம் எழுதிப் பார்த்தும் இந்த நாலிலும் முன்னேற்றம் இல்லை என்றால் அப்போது வேறு இடத்தில் ஆட வைத்து பார்க்கலாம். முன்களத்தில் சோபிக்காதவன் நடுகளத்தில் கலக்குவதும் உண்டு.

2026 ஆகஸ்டில் நெதர்லாந்து, பெல்ஜியத்தில் உலக கோப்பை. செப்டம்பரில் ஜப்பானில் ஆசிய விளையாட்டு. அதில் தங்கம் வெல்லும் அணிக்கு 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு நேரடி டிக்கெட். கார்த்தி போன்றவர்கள் முட்டி மோதுவது இந்த இடங்களுக்காகத்தான். அங்கே போட்டி கடுமை, இரக்கம் கிடையாது.

ஆனால் நம்ம ஊர் மைதானத்தில் ஓடும் பதினாலு வயசு பையனுக்கு அந்த கடுமை இப்பவே வேண்டாம். இன்னிக்கு கோல் விழலையா, நாளைக்கும் மட்டையை எடுத்துக்கிட்டு வரட்டும். ஜகார்த்தாவில் அடித்த கார்த்தி, மூணரை வருடம் கழித்து இபோவிலும் அடித்ததற்கு காரணம், நடுவில் மட்டையை கீழே போடாததுதான்.