அறிந்துகொள்வோம்: பிடி சொல்லும் பிறப்பிடம்

பழைய செப்புக் காசுகளைத் துலக்கலாகாது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். பழைய ஆயுதங்களுக்கும் அவ்விதி பொருந்துமோ என்று அன்பர் ஒருவர் வினவியிருக்கிறார். காசுகளைவிட அதிகமாகவே பொருந்தும். பிலிப்பைன்ஸ் தீவுகளின் வாள்களைக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

அந்நாட்டில் 7,000க்கு மேற்பட்ட தீவுகள் உண்டு. தீவுக்குத் தீவு மொழி மாறுவதுபோல் வாளும் மாறும். தெற்கே சூலு தீவுகளில் வாழும் தௌசுக் மக்களின் ‘பாரோங்’ வெற்றிலைபோல் நடு அகன்று நுனி கூர்த்திருக்கும். மிந்தனாவோவின் ‘கம்பிலான்’ ஏறத்தாழ 3 அடி நீளம். பிடியருகே குறுகி நுனியை நோக்கி அகலும். ‘கிரிஸ்’ பாம்புபோல் நெளிந்தும் இருக்கும், நேராகவும் இருக்கும். ஜாவாவின் கிரிஸ் குத்துவதற்கான சிறு கத்தி. சூலுவின் கிரிஸோ வெட்டுவதற்கான கனத்த வாள். 1521ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி மக்தான் தீவில் மாகெல்லன் மாண்டபோது அவர் காலில் பாய்ந்தது கம்பிலானே என்பார்கள். உடனிருந்த பிகாஃபெட்டா பெரியதொரு வளைவாளைக் குறிப்பிடுகிறாரேயன்றி அதன் பெயரைக் கூறவில்லை. ஆகவே இதை ஊகமென்றே கொள்ளவேண்டும்.

அலகைக் கண்டு வாளின் வகையைச் சொல்லிவிடலாம். எந்த ஊரார், எத்தகைய நிலையிலுள்ளவர் ஏந்தினார் என்பதற்குப் பிடியையே பார்க்கவேண்டும். பாரோங், கிரிஸ் ஆகியவற்றின் பிடிக்குமிழ் பெரும்பாலும் காக்கட்டுவா என்னும் கொண்டைக்கிளியின் தலையாக அமையும். எளியவர் வாளில் அது சிறு மரக்குமிழ். செல்வர் வாளில் கொண்டையும் அலகும் நீண்டு, கீழே வெள்ளிப் பூண் பூட்டிய தந்தமாகவும் இருக்கும். கம்பிலானின் பிடி முனை வாய் பிளந்த விலங்குபோல் இரண்டாகப் பிரியும். நடுத்தீவான பனாயில் எருமைக் கொம்பில் பூதமுகம் செதுக்குவர். அதைச் சந்திரனை விழுங்கும் ‘பகுனாவா’ என்பர் பலர். நம் ராகுகேதுவை நினைத்துக்கொண்டால் கதை எளிதில் விளங்கும்.

இனிப் பிடியின் பொருளை அறியும் வகையைச் சொல்கிறேன். ‘கமகோங்’ நம் கருங்காலிக்கு உறவான மரம்; கருமையும் கனமும் உடையது. எருமைக் கொம்பும் கறுப்பே. ஆயினும் அதன் மெல்லிய விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் பழுப்பு ஒளி ஊடுருவும். பழையதாயின் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். வெண்ணிறப் பிடியெல்லாம் தந்தமென்று நம்பிப் பணம் இழந்தவர் பலர். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் இருபுறமிருந்தும் வளைந்துவரும் நுண்ணிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காணலாம். எலும்பில் அக்கோடுகள் இரா. கரும்புள்ளிகளும் சிறு கீற்றுகளும் தெரியும். கடற்பசுவின் தந்தமும் சில பிடிகளில் உண்டு. நம் பாக் நீரிணையில் ஆவுளியா என்று வழங்கும் அதே பிராணிதான். காய்ச்சிய ஊசியால் குத்தி மணம் பார்க்கும் பழக்கமும் உண்டு. கொம்பானால் மயிர் பொசுங்கும் நாற்றம் வரும். நான் இதை ஒப்புவதில்லை. ஒரு வினாவுக்கு விடை தேடி நூறாண்டுப் பொருளில் வடு செய்வானேன்?

பிடியில் படிந்த அழுக்கும் சான்றே. உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழத்த இடம், பிரம்பு வரிந்த தடம், அலகின் வாலைப் பிடித்துநிற்கும் மரப்பிசின், யாவும் அதன் சரித்திரம். உப்புத்தாள் கொண்டு தேய்த்து வார்னிஷ் பூசினால் எல்லாம் ஒரு நாழிகையில் போய்விடும். பழைய பிடி பிளந்ததென்று புதுப்பிடி மாட்டுவது இதனினும் கேடு. பனாயின் அலகும் சூலுவின் பிடியுமாக இரண்டுங்கெட்ட பொருள் ஒன்று கடைக்கு வரும்.

இப்பொருள்கள் வெளிநாடு சென்ற விதத்தையும் சொல்லியாகவேண்டும். 1906ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஹோலோத் தீவின் புட் தாஹோ என்னும் எரிமலை வாயில் அடைக்கலம் புகுந்திருந்த தௌசுக் மக்களை அமெரிக்கப் படை தாக்கியது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1913 ஜூனில் அதே தீவின் புட் பாக்சாக்கிலும் போர் நிகழ்ந்தது. அக்காலப் படைவீரர்கள் ஞாபகப் பொருளாக எடுத்துச்சென்ற வாள்கள்தாம் இன்றும் ஏலங்களுக்கு வருகின்றன. சிலவற்றின் பிடியில் ஊரும் தேதியும் எழுதிய துண்டுச் சீட்டு தொங்கும். அழகைக் கெடுக்கிறதென்று அதை அறுத்தெறிபவரும் உண்டு! பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் எனக்கு இதைக் கேட்டால் பொறுப்பதில்லை. சீட்டுப் போன மூட்டை எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் எங்களுக்கு அநாதை மூட்டையே. இங்கோ அச்சீட்டு, மாண்டவர் ஒருவரின் ஊரைச் சொல்லும் கடைசி எழுத்தாகவும் இருக்கலாம்.

வாங்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. தந்தப் பிடி எவ்வளவு பழையதாயினும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சர்வதேச வணிக உடன்படிக்கையும் குறுக்கே நிற்கும். நீண்ட அலகுக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உண்டு. பணம் அனுப்புமுன் இரண்டையும் விசாரித்துக்கொள்க. அனுப்பியபின் விசாரித்தால் வாள் சுங்கச்சாவடியிலேயே தங்கிவிடும்.