கார் கட்டில் எத்தனை நாள் ஓடும்?

பந்தயக் கார், ராக்கெட், இளவரசியின் கோட்டை. பெருநகர மரச்சாமான் கடைகளில் குழந்தைகளுக்கான கட்டில்கள் இப்படியெல்லாம் மயக்குகின்றன. தொட்டிலை விட்டு இறங்கும் வயதுக் குழந்தை, பார்த்தவுடன் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. அப்பாவின் கை பர்ஸைத் தேடுகிறது.

முதலில் தேட வேண்டியது அளவு நாடாவை. குழந்தை 89 செ.மீ. வளர்ந்துவிட்டாலோ, கம்பியைத் தாண்ட முயன்றாலோ தொட்டிலுக்கு விடை கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் தொட்டில்களுடன் தரப்படும் எச்சரிக்கை. அடுத்த கட்டில் எது என்பதில்தான் சிக்கல். சின்னக் கார் கட்டிலின் மெத்தை சுமார் 130 செ.மீ. நீளம்தான். ஐந்தாறு வயதில் காலை நீட்ட இடம் போதாது. கார் மோகம் அதற்கு முன்பே டைனோசருக்குத் தாவியிருக்கும். கோட்டைக் கட்டிலில் ஆபத்தும் உண்டு: ஏணி ஏறும் மேல்தட்டு 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது.

தரையை ஒட்டிய, ஆறடி நீளமுள்ள சாதாரணக் கட்டில், பக்கத்தில் கழற்றக்கூடிய தடுப்பு. இது போதும். காரும் ராக்கெட்டும் படுக்கை விரிப்பில் இருக்கட்டும். மோகம் மாறினால் விரிப்பை மாற்றினால் தீர்ந்தது.

ஆனால் நள்ளிரவில் குழந்தை எழுந்து அம்மாவின் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வதை எந்தக் கட்டிலும் தடுக்காது.