தள்ளுபடிச் சாப்பாடும் மலிவான சாப்பாடும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் கொடுத்துவிட்ட வீடுகளில் முதல் வாரத்திலேயே தேடப்படும் விஷயங்களில் சாப்பாட்டுக் கடையும் ஒன்று. பிள்ளைகளின் பரீட்சை ரிசல்ட், ரயில் டிக்கெட் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, 'பக்கத்தில் நல்ல ஓட்டல் எது, எங்கே ஆஃபர் இருக்கிறது' என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். வேலூர், ஆம்பூர் பக்கம் உள்ள வாசகர்களுக்கு இது பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தள்ளுபடியில் கிடைக்கும் சாப்பாடு வேறு, மலிவாகக் கிடைக்கும் நல்ல சாப்பாடு வேறு. முதலாவதைக் கம்ப்யூட்டர் தானாகவே உங்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும். இரண்டாவதை நீங்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

தேடும் வார்த்தையிலிருந்தே சிக்கல் ஆரம்பிக்கிறது. நம் ஊரில் ஓட்டல் என்றால் சாப்பிடும் இடம். கம்ப்யூட்டருக்கு ஓட்டல் என்றால் ரூம் எடுத்துத் தங்கும் இடம். ஊர்ப் பெயருடன் ஓட்டல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் ரூம் புக்கிங் வெப்சைட்களின் விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கும். ரெஸ்டாரன்ட் என்று மாற்றிப் போட்டால் ஏசி ஹால் வைத்த கடைகள் வரும். வேலைக்குப் போகிறவர்கள் தினமும் சாப்பிடும் கடைகளை யாரும் ரெஸ்டாரன்ட் என்று அழைப்பதில்லை. அவை மெஸ், டிபன் சென்டர், பாய் கடை, பிரியாணி சென்டர். எனவே கூகுள் மேப்ஸைத் திறந்து, முதலில் நீங்கள் போக இருக்கும் தெருவை மவுஸ் சக்கரத்தால் பெரிதாக்கிக் கொள்ளுங்கள். பிறகு 'மெஸ்' என்பதை ஆங்கில எழுத்தில் ஒருமுறையும் தமிழ் எழுத்தில் ஒருமுறையும் கொடுத்துத் தேடிப் பாருங்கள். இரண்டு பட்டியல்களும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

இன்னொரு நல்ல தேடுசொல் குஸ்கா. கறித்துண்டு இல்லாத பிரியாணிச் சோறு, அதே அண்டாவில் வெந்து, அதே மசாலா ஏறியது. ஆம்பூர் பிரியாணியின் ருசியே சீரகச் சம்பா அரிசியிலும், அரைத்த காய்ந்த மிளகாய் விழுதிலும், தம்மிலும் இருக்கிறது என்று நினைப்பவன் நான். கூடவே எண்ணெய்க் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் வந்துவிட்டால், கறி இல்லையே என்ற குறை பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். மட்டன் பிரியாணியை விட விலை மிகவும் குறைவு. ஆனால் ஆஃபர் படங்களில் குஸ்காவை நான் பார்த்ததே இல்லை. ஐந்து பேருக்கான பக்கெட் பிரியாணிதான் படத்தில் இருக்கும். மெனுவில் குஸ்காவை ஆங்கிலத்தில் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் போட்டிருக்கும். சில இடங்களில் பிளெயின் பிரியாணி என்றிருக்கும். இரண்டு மூன்று விதமாக டைப் செய்து பாருங்கள்.

அடுத்து நட்சத்திரங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் 4.6 என்றால் நல்ல கடை, 3.9 என்றால் மோசமான கடை என்று நினைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உள்ள எண்ணையும் படியுங்கள். பத்துப் பேர் போட்ட 4.6-ஐ விட இரண்டாயிரம் பேர் போட்ட 4.1 நம்பகமானது. அத்துடன் அந்த இரண்டாயிரம் பேர் யார் என்றும் யோசியுங்கள். சென்னை பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகிறது. காரை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் விமர்சனம் எழுதுகிறார்கள். ஊருக்குள் ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து பார்சல் வாங்கிப் போகும் பெண்கள் எழுதுவதில்லை. அவர்களுக்கு அதற்கு நேரமும் இல்லை. ஆகவே நெடுஞ்சாலைக் கடைக்கு எண்ணிக்கை கூடுகிறது. எண்ணிக்கை கூடக் கூட அது பட்டியலில் மேலே போகிறது. மேலே போகப் போக இன்னும் கூட்டம் வருகிறது. ஊருக்குள் இருக்கும் கடை, எத்தனை வருடம் நன்றாகச் சமைத்தாலும், இரண்டாம் பக்கத்திலேயே கிடக்கிறது.

பெயரிலும் எச்சரிக்கை தேவை. ஆம்பூரின் ஸ்டார் பிரியாணி 1890-ல் தொடங்கியதாக அதன் வரலாறு சொல்கிறது. இன்று ஆம்பூர் என்ற பெயருடனும் ஸ்டார் என்ற பெயருடனும் தமிழ்நாடு முழுவதும், வெளி மாநிலங்களிலும்கூட எத்தனையோ கடைகள். பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், மேப்பில் முகவரியைப் பாருங்கள். சாப்பிட்டவர்கள் போட்ட போட்டோக்களில் அரிசி மணியைப் பாருங்கள். சீரகச் சம்பா சிறியது, உருண்டு இருக்கும். பாசுமதி நீளமானது. படமே சொல்லிவிடும். விமர்சனங்களைப் 'புதியவை முதலில்' என்று வரிசை மாற்றிப் படிப்பதும் நல்லது. காசு கொடுத்து எழுத வைக்கும் விமர்சனங்கள் அதிகமாகிவிட்டதால்தான், இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தர நெறியை வெளியிட்டது. விருப்பப்படும் நிறுவனங்கள் பின்பற்றலாம் என்ற அளவில் வந்த நெறி அது.

இப்போது தள்ளுபடிக்கு வருவோம். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். கடையில் ஒரு சாப்பாடு 120 ரூபாய், இருவருக்கு 240. அதே சாப்பாடு ஆப்பில் 150 என்று போட்டிருக்கிறது, இருவருக்கு 300. '20 சதவீதம் தள்ளுபடி' என்று பச்சை எழுத்தில் வருகிறது. 60 ரூபாய் கழிந்து 240. அதாவது கடை விலைக்கே வந்து நிற்கிறோம். இனி பேக்கிங் 20, சாப்பாட்டுக்கும் பேக்கிங்கிற்கும் சேர்த்து 5 சதவீத ஜி.எஸ்.டி. 13, டெலிவரி 30, பிளாட்பார்ம் கட்டணம் 10. மொத்தம் 313. '60 ரூபாய் சேமித்தீர்கள்' என்று திரை பாராட்டும்போது நீங்கள் 73 ரூபாய் அதிகம் கொடுத்திருப்பீர்கள். டெலிவரி செய்யும் தம்பிக்குச் சம்பளமும் பெட்ரோலும் வேண்டாமா என்றால், நிச்சயம் வேண்டும். வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருக்கும்போது அந்த 73 ரூபாய் நியாயமானதே. அதைச் சேமிப்பு என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்தப் பிளாட்பார்ம் கட்டணம் 2023-ல் 2 ரூபாயாக ஆரம்பித்தது. பிறகு பலமுறை ஏறிவிட்டது. வரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யும் அளவுக்கு வியாபாரம் இல்லாத சிறிய மெஸ் உங்களிடம் வரி வாங்காது. 'காம்போசிஷன்' திட்டத்தில் உள்ள கடையும் பில்லில் தனியாக வரி போட்டு வாங்கக் கூடாது. ஆனால் 2022 ஜனவரி 1 முதல், ஆப் மூலம் விற்கும் உணவுக்கு அந்த ஆப் நிறுவனமே ஜி.எஸ்.டி. வசூலித்துக் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. ஆகவே அதே மெஸ், அதே சாம்பார். நேரில் போனால் வரி இல்லை, ஆப்பில் வாங்கினால் 5 சதவீதம் உண்டு. பெரிய ரெஸ்டாரன்டில் சர்வீஸ் சார்ஜ் என்று போட்டிருந்தால் அதை நீக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவற்றை உறுதி செய்தது.

கடைக்காரர்களும் தள்ளுபடியால் மகிழ்ந்துவிடவில்லை. 2019 ஆகஸ்ட்டில் நாட்டின் பல நகரங்களில் உணவகங்கள் தள்ளுபடித் திட்டங்களிலிருந்து கூட்டமாக வெளியேறின. உணவகச் சங்கம் கொடுத்த புகாரில், ஜொமாட்டோ, ஸ்விக்கி இரண்டின் மீதும் விசாரணை நடத்த இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. பெரிய நகரத்துக் கடைக்கே இந்தப் பாடு என்றால், ஆறு மேஜை போட்டு நடத்தும் நம் ஊர் மெஸ் கமிஷனும் கொடுத்து, தள்ளுபடியும் கொடுத்து எப்படித் தாக்குப் பிடிக்கும்? ஒன்று விலையை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அளவைக் குறைக்க வேண்டும்.

இதெல்லாம் வாரம் ஒருமுறை வெளியே சாப்பிடுகிறவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. வேலூரில் வேறு வகை மக்கள் இருக்கிறார்கள். 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கியது இன்று சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்திருக்கிறது. மேற்கு வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என்று எங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். கூட வந்தவர்கள் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். டெஸ்ட்டுக்கும் மருந்துக்கும் போக மிச்சம் இருக்கும் பணத்தில் மூன்று வேளை சாப்பிட வேண்டும். ஒரு வேளைக்கு 50 ரூபாய் கூடினால் இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 300, ஒரு மாதத்துக்கு 9,000. அது ஒரு ஸ்கேன் செலவு.

அவர்களுக்காகவே அந்தத் தெருக்களில் பெங்காலி எழுத்தில் போர்டு மாட்டிய சோற்றுக் கடைகள் இருக்கின்றன. மீன் குழம்பும் சோறும் கிடைக்கும். சமைத்துக்கொள்ள இடம் தரும் லாட்ஜ்களும் உண்டு. அசாமிலோ திரிபுராவிலோ வீட்டில் உட்கார்ந்து, புறப்படுவதற்கு முன் இன்டர்நெட்டில் பார்க்கும் ஒருவருக்கு இவை எல்லாம் தெரிய வேண்டும். இவருக்கு வேண்டிய 'டீல்' இதுதான். ஆனால் தேடினால் முதலில் வருவது கூப்பன். 2013-ல் வேலூர் உள்ளிட்ட மாநகராட்சிகளுக்கும் அம்மா உணவகம் விரிவுபடுத்தப்பட்டபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். எந்த ஆஃபர் பக்கத்திலும் அது இடம்பெறாது. அந்த விலையில் தள்ளுபடி செய்ய என்ன இருக்கிறது!

பட்டியலில் விடுபடுவது எப்போதும் தற்செயலும் அல்ல. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்தப் போவதாக அறிவித்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்று தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. தோல் பதனிடும் ஊரில், உழைக்கிற பலருக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் பிரியாணி அதுதான். ஒரு விழாப் பட்டியலில் அது இல்லை என்றால் கேட்பதற்கு ஆணையம் இருந்தது. ஒரு வெப்சைட்டின் பட்டியலில் இல்லை என்றால் இல்லாததே நமக்குத் தெரியாது.

அதனால்தான், கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் தேடுவதோடு நிறுத்தாமல் சேர்க்கவும் வேண்டும் என்கிறேன். கடினமான வேலை இல்லை. கூகுள் மேப்ஸில் உங்கள் ஜிமெயில் கணக்கில் நுழைந்து, கடை இருக்கும் இடத்தில் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்தால் ஒரு சிறு மெனு வரும். அதில் விடுபட்ட இடத்தைச் சேர்ப்பதற்கான வரி இருக்கும். பெயர், வகை, திறந்திருக்கும் நேரம் கொடுத்தால் போதும். கூகுள் சரிபார்த்துவிட்டு வெளியிடும். நேரத்தை மட்டும் கவனமாகக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கும் ரமலான் பகல் பொழுதிலும் மூடியிருக்கும் கடைகள் இந்தப் பக்கத்தில் நிறைய. மேப்போ 'திறந்திருக்கிறது' என்று சொல்லி வெயிலில் நடக்கவிடும். 2004-ல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்திலும் யாரும் இடங்களைச் சேர்க்கலாம். தமிழ்ப் பெயரையே கொடுக்கலாம்.

பெயரை விட விலைப் பலகையின் போட்டோதான் அதிகம் பயன்படும். பலகை முழுவதும் தெரியும்படி எடுத்துப் போடுங்கள். பில் கொடுக்கும் கடையானால் அதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பாஸ்காஸ் வெப்சைட்டில் கொடுத்து, உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பாதி விலையில் பிரியாணி, முன்பணம் மட்டும் அனுப்புங்கள் என்று மெசேஜில் வரும் லிங்க்கைக் கிளிக் செய்யாதீர்கள். மேப்பில் உள்ள போன் நம்பரைக்கூட யாராவது மாற்றியிருக்கலாம். பணம் உங்களுக்கு வருவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை, கேட்டால் மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கடையைச் சேர்ப்பதற்கு முன் கல்லாவில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிலர் சந்தோஷமாக நேரத்தையும் போன் நம்பரையும் தாங்களே எழுதிக் கொடுப்பார்கள். 'வேண்டாம் தம்பி, இருக்கிற கூட்டத்துக்கே சோறு பத்தவில்லை' என்று சொல்பவரும் இருப்பார். அந்தக் கடையை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.